அனாமத்துக் கணக்கு

தமிழ்த்துறையின் இவ்வாண்டு மலருக்குச் 'சொல்லாற்றல்' என்னும் பொருளில் ஒரு கட்டுரை வேண்டுமெனத் துறைத்தலைவர் அன்புடன் பணித்தார். வகுப்பறையில் சொல்லை விற்றே பிழைத்தவன் நான், மறுக்க இயலவில்லை. ஆயினும் சொல்லின் பெருமையை மட்டும் பாடிச் செல்ல மனம் இடந்தரவில்லை. சொல் செல்லுபடியாகாத ஓரிடத்தை நான் மிக அருகிலிருந்து கண்டிருக்கிறேன். அதே மனிதரிடம் சில வாரங்கள் கழித்துச் சொல் செல்லுபடியானதையும் கண்டிருக்கிறேன். அவ்விரண்டுக்கும் இடையில் நிகழ்ந்ததையே இங்கு எழுதுகிறேன். நோயைப் பற்றிய கட்டுரைக்குத் தமிழ்த்துறை மலரில் என்ன வேலை என்று ஆன்றோர் எவரேனும் வினவக்கூடும். தொல்காப்பியரிடமிருந்தே தொடங்கினால் அவ்வினா எழாது என்று நம்புகிறேன்.

மெய்ப்பாட்டியலில் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன்கள் கூறப்பட்டுள்ளன என்பதை மாணவர் அறிவர். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. பிறரால் இகழப்படுதல் இளிவு. உயிரையோ பொருளையோ இழத்தல் இழவு. பண்டை நிலை கெட்டு வருந்துதல் அசைவு. துய்க்க ஒன்றும் இல்லாமை வறுமை. இப்பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இந்நான்கில் ஒன்றும் இல்லாமலே ஒருவர் அழுதால் அதை எங்கே சேர்ப்பது?" என்று கேட்டார். நல்ல வினா. அதற்கு நூலுரையில் விடையில்லை, மருத்துவத்தில் இருக்கிறது. கடுமையான மனச்சோர்வு என்னும் நோயில், காரணம் வெளியே இல்லாதபோது மனமே காரணங்களைப் படைத்துக்கொள்கிறது. அவ்வாறு படைக்கும்போதும் அது பெரும்பாலும் இந்நான்கையே படைக்கிறது என்பதுதான் வியப்பு. 'நான் பெரும்பாவி, ஊர் என்னைத் தூற்றுகிறது' என்பர் சிலர். 'செல்வமெல்லாம் போயிற்று, பிள்ளைகள் பிச்சை எடுக்கப்போகிறார்கள்' என்று வங்கியில் பணம் இருக்கும்போதே கூறுவர் சிலர். உடல் அழுகிவிட்டது, குடல் இல்லை என்பாரும் உண்டு. 1880ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ழூல் கோத்தார் என்னும் மருத்துவர் இத்தகைய பெண்மணி ஒருவரைப் பற்றி எடுத்துரைத்தார். தமக்கு மூளையும் இல்லை, வயிறும் இல்லை, ஆகவே உணவு வேண்டா என்று அப்பெண்மணி நம்பினார். இறுதியில் பட்டினியாலேயே மாண்டார்.

இவ்வகை நம்பிக்கையைப் பிறழ்நம்பிக்கை எனலாம். சான்று காட்டினும் அசையாது. காட்டும் சான்றையே தனக்கு உணவாக்கிக்கொள்ளும். சிலருக்கு இல்லாத குரலும் கேட்கும். மனச்சிதைவு நோயிலும் இவை உண்டு. மனச்சோர்வின் உச்சத்தில் வரும்போதோ, பெரும்பாலும் அந்தத் துயரத்தின் நிறத்திலேயே தோய்ந்து வரும். பிறர் மீது பழிசுமத்துவதை விடத் தம்மைத் தாமே குற்றவாளியாக்கிக் கொள்வதே மிகுதி.

என் பெரியத்தாவுக்கு 1997இல் இந்நோய் வந்தது. அவரைப் பற்றி எழுதலாம் என்று தம் வாழ்நாளிலேயே அவர் எனக்கு ஒப்புதல் தந்திருந்தார். "பேரைப் போடாதே, மற்றதெல்லாம் போடு" என்பது அவர் ஆணை.

திண்டுக்கல்லில் ஒரு தோல் மண்டியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கராக இருந்தவர் அவர். சிட்டை, நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்னும் சொற்களை நான் பள்ளியில் கற்கவில்லை. அவர் திண்ணையில் கற்றேன். ஓய்வு பெற்ற பின்னர் எங்கள் பள்ளிவாசலின் பைத்துல்மால் கணக்கை ஊதியமின்றி எழுதி வந்தார். அறுபத்தொன்றாம் வயதில், இன்ன காரணம் என்று சுட்ட ஒன்றுமில்லாமல், விடியலுக்கு முன் மூன்று மணிக்கு விழிக்கத் தொடங்கினார். தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழுகிறார் என்று வீட்டார் மகிழ்ந்தனர். பின்னர் உணவு குறைந்தது. சட்டை தோளில் தொங்கியது. பேச்சு மெதுவாயிற்று, ஒரு வினாவுக்கு விடை வருவதற்குள் கேட்டவர் வினாவை மறந்துவிடுவார். ஒரு நாள், கைம்பெண் ஒருவருக்குரிய உதவித்தொகை 1,340 ரூபாயைத் தாம் விழுங்கிவிட்டதாகப் பெரியம்மாவிடம் கூறினார். ஒரு மாதத்தில் அந்த 1,340 ரூபாய் பைத்துல்மால் முழுவதுமாக வளர்ந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மக்கள் எழும் நேரத்தில், அவர் எழுந்து நின்று, "ஜமாஅத்தார்களே, நான் அமானிதத்தைத் தின்றவன்" என்று உரக்கக் கூறினார்.

முத்தவல்லி அவர்கள் நிதானமானவர். அன்று மாலையே கணக்கறிந்த இருவரை அமர்த்தி ஏடுகளைச் சரிபார்க்கச் செய்தார். இரண்டு நாள் வேலை. சல்லிக்காசு பிசகவில்லை. ஏட்டைக் கொண்டுவந்து பெரியத்தாவின் முன் விரித்துக் காட்டினர். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு சரியாக இருப்பதே நான் திருத்தி வைத்ததற்குச் சாட்சி" என்றார். இரவில், பள்ளிவாசல் ஒலிபெருக்கி அணைந்திருக்கும் வேளையில், அதிலே தம் பெயரைத் திருடர் பட்டியலில் வாசிப்பது கேட்பதாகவும் கூறினார்.

இங்கேதான் சொல் தோற்றது. மகன்கள் வாதிட்டனர்; தோல் மண்டி முதலாளியே வந்து நற்சான்று கூறினார். எங்கள் இமாம் அவர்கள் நாள்தோறும் வந்து அருகிலமர்ந்து, படைத்தவனின் அருள் எல்லையற்றது, நிராசை கொள்ளலாகாது என்று கனிவோடு உரைத்தார். அச்சொல்லைப் பெரியத்தா எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை ஊர்ப் பெரியவர்கள் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறேன். நிராசை கொள்வது பாவம் என்றால், நிராசை கொண்டிருக்கும் தாம் இன்னுமொரு பாவத்தைச் செய்துகொண்டிருப்பதாக அவர் கணக்கில் ஏற்றிக்கொண்டார். ஆறுதலும் பற்றுப் பக்கத்திலேயே எழுதப்பட்டது. ஈமான் குறைந்ததால் வந்த நோய் என்று எவரேனும் கூறினால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். தொழுகையை விடாதவர், அமானிதத்துக்கு அஞ்சியவர், அந்த அச்சத்தின் வழியாகவே நோய் அவருக்குள் நுழைந்தது. நோய் ஒருவரிடம் எது மிக மேலானதோ அதன் உடையை உடுத்திக்கொண்டு வருகிறது.

பின்னர் சோறு நின்றது. "இது யத்தீம்களின் சோறு" என்று தட்டை நகர்த்திவிடுவார். தண்ணீருக்கும் கெஞ்ச வேண்டியிருந்தது. இறப்பே தமக்குரிய தண்டனை என்றும் கூறத் தொடங்கினார். இரவில் ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருந்தனர். தகடு எழுதிக் கட்டியாயிற்று. ஓதிய தண்ணீரும் தெளித்தாயிற்று. உறவினர் ஒருவர் ஏர்வாடிக்குக் கொண்டுபோய் விடவேண்டுமென வற்புறுத்தினார். அவ்வேளையில் இமாம் அவர்கள், "துஆ என் வேலை, அதை நான் இங்கிருந்தே செய்கிறேன். நீங்கள் இன்றே மதுரைக்கு அழைத்துப் போங்கள்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் என்றும் மதிப்பேன்.

ஏர்வாடி என்றதும் நான்காண்டு கழித்து நிகழ்ந்ததைக் குறிப்பிடாமல் செல்ல முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், அங்கிருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட இயலாது எரிந்தனர். 28 பேர் மாண்டனர். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. தர்காவுக்குச் செல்வோரின் நம்பிக்கையை நான் எள்ளவில்லை. குஜராத்தில் மீரா தாத்தார் தர்காவில் தொடங்கிய 'தவா-துஆ' முறையை, அதாவது மருந்தும் மன்றாட்டும் ஒரே வளாகத்தில் என்னும் ஏற்பாட்டை, பின்னர் ஏர்வாடியிலும் அரசு கொண்டுவந்தது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தாமல் அருகருகே அமர்த்தியது அறிவுடைய செயலென்றே கருதுகிறேன்.

மதுரையில் மனநல மருத்துவர் முன் பெரியத்தாவை அமர்த்தினோம். அவ்விடத்தைச் சிறையென்றே அவர் எண்ணியிருந்தார். கையை நீட்டி, "விலங்கு போடுங்கள்" என்றார். குற்றம் செய்யவில்லை என்று மருத்துவரும் கூறுவார், மீண்டும் ஏடு விரியும் என்று எதிர்பார்த்தேன். மருத்துவர் கேட்டது ஒன்றே: "பாய், சரியாகத் தூங்கி எத்தனை நாளாச்சு?" பெரியத்தா கணக்கர் அல்லரா, உடனே விடை வந்தது: "நாற்பத்தேழு." மருத்துவர், "நீங்கள் குற்றம் செய்தீர்களா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. நாற்பத்தேழு நாள் தூங்காத ஆளை எந்த விசாரணையும் தாங்காது. முதலில் தூங்கவைக்கிறேன்" என்றார். பெரியத்தா தலையசைத்தார். பல வாரங்களில் அவர் ஒப்புக்கொண்ட முதற்சொல் அதுவே.

அந்நிகழ்ச்சியை எண்ணும்போதெல்லாம் எனக்கு இப்னு சீனாவைப் பற்றிய கதையொன்று நினைவுக்கு வருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிஜாமி அரூஜி என்னும் பாரசீக ஆசிரியர் தம் 'சஹார் மகாலா' என்னும் நூலில் அதனைக் கூறுகிறார். புவைஹ் குலத்து இளவரசர் ஒருவருக்கு மனச்சோர்வு முற்றித் தாம் ஒரு பசு என்று நம்பலானார். பசுவைப் போல் கத்துவார். என்னை அறுத்துச் சமைத்துவிடுங்கள் என்பார். உணவையும் மருந்தையும் தொடார். மருத்துவர் கைவிட்ட நிலையில், அப்போது அமைச்சராக இருந்த இப்னு சீனாவிடம் செய்தி சென்றது. அவர் அறுப்பவர் வேடத்தில் கத்தியுடன் வந்தார். இளவரசரைக் கட்டிக் கிடத்தச் செய்து, விலாவைத் தடவிப் பார்த்து, "இந்தப் பசு மெலிந்திருக்கிறது, தீனி போட்டுக் கொழுத்த பிறகு அறுக்கலாம்" என்று எழுந்துவிட்டார். இளவரசர் அன்றே உண்ணத் தொடங்கினார். 'நன்றாகத் தின்றால்தான் பசு கொழுக்கும்' என்று சொல்லிச் சொல்லி உணவோடு மருந்தையும் கொடுத்தனர். ஒரு திங்களில் தெளிந்தார் என்பது கதை.

வரலாறா புனைவா என்னும் ஆய்வு ஒருபுறமிருக்கட்டும். இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இப்னு சீனாவின் சூழ்ச்சியைப் புகழ்வதோடு நின்றுவிடுகின்றனர். உணவுக்குள் மருந்து இருந்தது என்பதை விட்டுவிடுகின்றனர். சொல் கதவைத் திறந்தது; உள்ளே சென்றது மருந்து. அவர் மாற்றுருக் கொண்டு வந்ததை இன்றைய மருத்துவ அறம் ஒப்பாது. நோயாளியை ஏமாற்றுதல் கூடாது. எங்கள் மருத்துவர் பொய் ஏதும் கூறவில்லை. ஆனால் இருவரும் நோயின் மையத்தை மோதாமல், நோயாளியும் மறுக்க முடியாத ஓர் உண்மையைப் பற்றிக்கொண்டனர். ஒன்று மெலிவு, மற்றது உறக்கமின்மை. இப்னு சீனாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ, காரணம் தெரிந்த துயரம், காரணம் தெரியாத துயரம் எனத் துயரத்தை இருவகையாகப் பிரித்தார். பின்னது உடலிலிருந்து எழுவதாகையால் அதற்கு உடல்வழி மருத்துவமும் வேண்டும் என்றார். என் மாணவிக்கு அன்று அல்பல்கீயைக் காட்டியிருக்கலாம்.

சொல் மட்டுமே போதும் என்று நம்பினால் என்னாகும் என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு வழக்கே சான்று. ரஃபேல் ஓஷெரோஃப் என்பவர் சிறுநீரக மருத்துவர். 1979இல் கடுமையான மனச்சோர்வுடன் மேரிலாந்து மாநிலத்துச் செஸ்ட்நட் லாட்ஜ் மருத்துவமனையில் சேர்ந்தார். உளப்பகுப்பாய்வு உரையாடலுக்குப் பெயர்பெற்ற இடம் அது. அங்கே ஏழு மாதங்கள் உரையாடல் மட்டுமே நடந்தது, மருந்து தரப்படவில்லை. எடை ஏறத்தாழ பதினெட்டுக் கிலோ குறைந்தது; நடைகூடத்தில் ஓயாது நடந்து நடந்து பாதங்கள் புண்ணாயின. குடும்பத்தார் அவரைக் கனெக்டிகட் மாநிலத்துச் சில்வர் ஹில் மருத்துவமனைக்கு மாற்றினர். அங்கே பிறழ்வுக்குரிய மருந்தையும் சோர்வுக்குரிய மருந்தையும் சேர்த்துக் கொடுத்தனர். மூன்று மாதங்களில் வீடு திரும்பினார். 1982இல் அவர் தொடுத்த வழக்கு 1987இல் இருதரப்பு உடன்பாட்டில் முடிந்தது. 1990இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் அதைப் பற்றிப் பெரிய வாதமே நடந்தது. சொல்லில் வாழும் நம்மைப் போன்றோர் மறவாதிருக்க வேண்டிய வழக்கு இது.

பெரியத்தாவுக்கு மருந்தோடு மின்னதிர்ச்சி மருத்துவமும் வேண்டுமென்றனர். உணவே இல்லாத நிலையில் மாத்திரை வேலை செய்யும் வரை காத்திருக்க நேரமில்லை என்பது காரணம். 'கரண்டு வைப்பது' என்ற சொல்லைக் கேட்டதும் பெரியம்மா அழுதுவிட்டார். திரைப்படங்கள் நமக்குக் கற்பித்த அச்சம் அது. 1938இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்னும் இருவர் தொடங்கிய இம்முறை, பிற்காலத்தில் மயக்கமருந்தும் தசைத்தளர்வு மருந்தும் கொடுத்துச் செய்வதாக மாறியது. இன்று அவையின்றிச் செய்வதைச் சட்டமே தடுக்கிறது. பிறழ்நம்பிக்கையோடு கூடிய மனச்சோர்வில் இது மிகுந்த பயன் தருவது. ஆறு முறை செய்தனர். மூன்றாம் முறை முடிந்த மாலையில், "சர்க்கரை தூக்கலா ஒரு டீ கிடைக்குமா?" என்று அவர் கேட்டார். சில வாரங்களுக்குச் சிறுசிறு செய்திகள் மறந்தன. யார் வந்து பார்த்தார்கள் என்பதெல்லாம் நினைவில் நிற்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒலிபெருக்கிக் குரல் முதலில் அடங்கியது. பைத்துல்மால் முழுவதையும் தின்றேன் என்பது மெல்ல மெல்லச் சுருங்கி, மீண்டும் 1,340 ரூபாயில் வந்து நின்றது. உடல் தேறிவிட்டது, இனி என்ன என்று வீட்டார் எண்ணிய வேளையில் மருத்துவர் எச்சரித்தார். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களே தற்கொலை அபாயம் மிகுந்த காலம் என்றார். இது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. தெளிவு பிறக்கும்போதுதான் வெட்கமும் பிறக்கிறது. நோயில் என்ன பேசினோம், யார் யார் கேட்டார்கள் என்பது அப்போதுதான் தெரிகிறது. ஊர் முழுவதும் கூடிய இடத்தில் தம்மைத் திருடன் என்று அறிவித்துவிட்டவர், எந்த முகத்தோடு அதே வாயிலில் செருப்பைக் கழற்றுவார்?

சொல்லின் வேலை இங்கேதான் தொடங்கியது. உளவியலர் அம்மையார் ஒருவரிடம் பதினைந்து சனிக்கிழமைகள் பெரியத்தாவைத் திண்டுக்கல்லிலிருந்து பேருந்தில் அழைத்துச் சென்றேன். ஒரு மணி நேர உரையாடலில் இறுதிப் பத்து நிமிடம் என்னையும் உள்ளே அழைப்பார். மற்றதைத் திரும்பும் வழியில், வாடிப்பட்டி தாண்டிய பின், பெரியத்தாவே சொல்லுவார்.

அம்மையார் பின்பற்றிய முறை ஆரன் பெக் வகுத்தது என்பதைப் பின்னாளில் அறிந்தேன். 1921 முதல் 2021 வரை நூறாண்டு வாழ்ந்த அமெரிக்க மனநல மருத்துவர் அவர். தாம் கண்காணிக்கப்படுவதாக நம்பிய ஒருவரோடு தொடர்ந்து உரையாடி மீட்டதைப் பற்றி 1952இலேயே கட்டுரை எழுதியவர். நோயாளியும் மருத்துவரும் ஒரே பக்கத்தில் அமர்ந்து, ஓர் எண்ணத்தை எதிரே வைத்துச் சேர்ந்து ஆராய்வது அவர் முறை. 'உன் எண்ணம் தவறு' என்று கூறுவதற்கு அங்கே இடமில்லை. 'அதை எதைக் கொண்டு அறிந்தீர்கள்?' என்று கேட்பதற்கு உண்டு.

முதல் வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு நாளும் செய்த வேலைகளையும், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் எழுதச் சொன்னார். முகம் கழுவினேன், இரண்டு, பேரனுக்குப் பென்சில் சீவினேன், நான்கு, இப்படி. எனக்கு அது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றியது. பெரியத்தாவோ கோடு போட்டு, தேதியிட்டு, அடிக்கூட்டல் போட்டு எழுதினார். ஒன்றும் செய்யாமல் கிடக்கிறேன் என்றவரின் நோட்டில் ஒரு வாரத்துக்கு அறுபது பதிவுகள் இருந்தன. அவர் எழுத்தே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

ஐந்தாம் வாரமோ ஆறாம் வாரமோ, அந்த 1,340 ரூபாய்ப் பேச்சு வந்தது. அம்மையார், "ஐயா, உங்கள் மண்டியில் ரசீது இல்லாமல் ஒரு பற்று வந்தால் பேரேட்டில் ஏற்றுவீர்களா?" என்று கேட்டாராம்.

"ஏற்ற முடியாது டாக்டரம்மா."

"அப்படியென்றால் அடித்துவிடுவீர்களா?"

"அடிக்கவும் கூடாது. பின்னால் ரசீது வந்தாலும் வரும். அனாமத்தில் வைப்போம்."

அம்மையாருக்கு அச்சொல் புதிது. விளக்கும்படி கேட்டார். எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்று தெளியாத தொகையை ஏற்கவும் மறுக்கவும் செய்யாமல் தனியே எழுதி வைக்கும் பக்கம் அனாமத்துக் கணக்கு. அதனால் அன்றாடக் கொடுக்கல் வாங்கல் நிற்காது, கடை திறந்திருக்கும். பெரியத்தா கால்மணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறார். பல மாதங்களுக்குப் பின் அவர் ஒருவருக்குக் கற்பித்தது அன்றுதான். இறுதியில் அம்மையார், "உங்கள் நோட்டிலும் ஓர் அனாமத்துப் பக்கம் திறக்கலாமா?" என்றார்.

அன்று முதல் அவ்வெண்ணம் எழும்போதெல்லாம் தேதி, நேரம், எண்ணம், ரசீது உண்டா இல்லையா என நான்கு கட்டங்களில் எழுதினார். எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. வாதமும் இல்லை, தீர்ப்பும் இல்லை. முத்தவல்லியின் தணிக்கையும் மகன்களின் சத்தியமும் செய்யாததை அந்தப் பக்கம் செய்தது. மருந்து முன்பே நிலத்தை நெகிழ்த்தியிராவிட்டால் அதுவும் செய்திருக்காது என்பதை அழுத்திச் சொல்லுகிறேன். தூக்கமற்ற நாற்பத்தேழாம் நாளில் இதே வினாவை இதே அம்மையார் கேட்டிருந்தாலும், 'ரசீதைக் கிழித்தவனே நான்தான்' என்று விடை வந்திருக்கும்.

வெட்கம்தான் நெடுநாள் எடுத்தது. பள்ளிவாசலுக்குத் திரும்புவதை அம்மையார் படிகளாக வகுத்தார். முதலில் வேறு தெருவின் சிறிய பள்ளியில் அஸர், பின்னர் எங்கள் பள்ளியில் ஆளில்லாத நேரத்தில் இரண்டு ரக்அத், பின்னர் மக்ரிப். வெள்ளிக்கிழமை கடைசிப் படி. அந்த வெள்ளியன்று முத்தவல்லி அவர்கள் வாயிலில் நின்றிருந்தார். மன்னித்தோம், மறந்தோம் என்று அவர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று நான் அஞ்சினேன். அவர், "வாங்க பாய். ரமலானுக்கு ரசீதுப் புத்தகம் அச்சடிக்கணும். எந்த எண்ணிலிருந்து தொடங்கச் சொல்ல?" என்றார். பெரியத்தா ஒரு கணமும் யோசிக்காமல் எண்ணைச் சொன்னார். அதைவிடச் சிறந்த சொற்பொழிவை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

இன்று இந்நோயைப் பற்றிய அறிவு வளர்ந்திருக்கிறது. 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 259 நோயாளிகள் பன்னிரண்டு வாரம் மருந்து பெற்றனர். பிறழ்வு மருந்தோடு சோர்வு மருந்தும் சேர்த்துப் பெற்றோரில் 41.9 விழுக்காட்டினர் முழுத்தெளிவு அடைந்தனர்; பிறழ்வு மருந்தை மட்டும் பெற்றோரில் 23.9 விழுக்காட்டினரே தெளிந்தனர். கூட்டு மருந்திலும் பாதிக்கு மேற்பட்டோர் பன்னிரண்டு வாரத்துக்குள் முழுமையாகத் தேறவில்லை என்பதையும் இவ்வெண்கள் சொல்கின்றன, பொறுமை வேண்டும். பிரிட்டனின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி, பிறழ்வின் கடுமை தணிந்த பின்னர் உளவழிச் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டுமென்கிறது. மதுரையில் எங்களுக்கு வாய்த்த வரிசையும் அதுவே. நம் மாணவர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. பேருந்துக் கட்டணம்தான் செலவு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்னும் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். விடுதி அறையில் ஒருவர் உண்ணாமல் உறங்காமல், தாம் செய்யாத குற்றத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், அவரைத் தனியே விடாதீர்கள், வாதிடவும் வேண்டா, பெரியவர் ஒருவரை உடனே அழையுங்கள்.

பெரியத்தா ஈராண்டுக்குப் பின் பைத்துல்மால் கணக்கை மீண்டும் ஏற்றார். உடன் எழுத ஓர் இளைஞரையும் கேட்டு வாங்கிக்கொண்டார். 2006இல், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தினார். நோய் திரும்ப எட்டிப் பார்த்தது. ஆனால் இம்முறை தொடர்ந்து மூன்றாம் இரவு மூன்று மணிக்கு விழித்தபோது அவரே மகனை எழுப்பி, "நோட்டை எடு" என்றார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில், பதினைந்தாம் சனிக்கிழமை அவர் எழுதி வைத்தது இருந்தது. தொடர்ந்து மூன்று இரவு மூன்று மணிக்கு விழித்தால், சோற்றில் உப்பு தெரியாவிட்டால், பழைய ரசீதுகளை நான் தேடத் தொடங்கினால், மதுரைக்கு அழைத்துச் செல்க. என்னைக் கேட்க வேண்டா, நான் மாட்டேன் என்பேன். அப்போது பேசுவது நான் அல்லன். கீழே கையொப்பம், தேதி, சாட்சிகள் இருவர். நோயுற்றால் தமக்கு என்ன செய்ய வேண்டுமென்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டுச் சட்டம் அனைவர்க்கும் தந்தது. அவர் இருபதாண்டு முன்னரே எழுதிவிட்டார். அம்முறை மின்னதிர்ச்சி தேவைப்படவில்லை. மாத்திரையிலேயே ஐந்து வாரத்தில் தேறினார்.

2014இல் தம் எழுபத்தெட்டாம் வயதில், இதயநோயால், உறக்கத்தில் காலமானார். நோட்டு இப்போது என் தம்பியிடம், அவர் மகனிடம், இருக்கிறது. இதை எழுதுவதற்காக வாங்கிப் பார்த்தேன். அனாமத்துப் பக்கத்தில் பெரும்பாலான வரிகளுக்கு நேரே 'ரசீது இல்லை, தள்ளுபடி' என்று சிவப்பு மையில் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1,340 ரூபாய்க்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் அதை முறைப்படி முன்கொண்டுவந்து, அடியில் கோடு போட்டு, அடுத்த நாளின் வேலைகளைத் தொடங்கியிருக்கிறார்.